குழந்தையோடு இங்கிலாந்து வரும் நெல்லைக் குடும்பங்களுக்கு

விமான டிக்கெட் கைக்கு வந்த அன்றே குழந்தையின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். அம்பாசமுத்திரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்ட ஊசி ஒரு அட்டையிலும், வண்ணாரப்பேட்டையில் தனியார் மருத்துவரிடம் போட்டது இன்னொன்றிலும் இருக்கலாம். இரண்டையும் சேர்த்து, விட்டுப்போன தேதிகளைக் கிராம சுகாதார செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்டு, ஆங்கிலத்தில் முத்திரையோடு வாங்கிவிடுங்கள். நம்பகமான விவரம் இல்லையென்றால், ஊசியே போடாத குழந்தையாகக் கருதித் திரும்பப் போடுவதுதான் இங்குள்ள நடைமுறை.

அட்டை முழுமையாக இருந்தாலும் சில ஊசிகளுக்கு அழைப்பார்கள். நம் அரசுத் திட்டத்தில் போடுவது தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான ஊசி. பொன்னுக்கு வீங்கிக்கு அதில் பாதுகாப்பு இல்லை. இங்கே பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்தே போடுகிறார்கள். ஒரு வயது நிரம்புமுன் போட்ட தட்டம்மை ஊசியைக் கணக்கில் எடுப்பதும் இல்லை. அழைத்தால் தயங்காமல் போங்கள்.

வந்திறங்கிய முதல் வாரத்திலேயே வீட்டுக்கு அருகிலுள்ள ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் குழந்தையின் பெயரைப் பதிவு செய்யுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். பாளையங்கோட்டையில் சாயங்காலம் டோக்கன் போட்டு நேரே குழந்தை மருத்துவரைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். இங்கே அரசு மருத்துவத்தில் ஜி.பி. அனுப்பினால்தான் நிபுணரைப் பார்க்க முடியும். காய்ச்சல் வந்த பிறகு பதிவுக்கு அலைவது பெரும் தவிப்பு. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. விசாவோ முகவரிச் சான்றோ காட்டியே தீர வேண்டும் என்ற விதியும் கிடையாது. வாடகை ஒப்பந்தம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். யாராவது மறுத்தால், பணிவாகவும் உறுதியாகவும் இதைச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை என்றால், வளர்ச்சியைக் கவனிக்கும் ஹெல்த் விசிட்டரைப் பற்றியும் அப்போதே கேளுங்கள்.

ஆங்கிலம் தடுமாறினால், நேரம் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். அதற்கும் பணம் இல்லை. பள்ளிக்கூடம் போகும் மகளை நடுவில் நிறுத்திப் பேச வைக்காதீர்கள். தாயின் நோயையும் தம்பியின் நோயையும் தன் வாயால் சொல்லும் சுமை அந்த வயதுக்கு ஆகாது.

சளிக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் சொல்லி அனுப்பினால் மனம் ஆறாதுதான். ஊசி போடவில்லையே, ஆன்டிபயாடிக் தரவில்லையே என்று தோன்றும். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. அலட்சியம் என்று எண்ண வேண்டாம். ஆனால் மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருந்தால் பொறுத்துப் பார்க்கக் கூடாது, உடனே ஜி.பி.யை அழையுங்கள், கிடைக்காவிட்டால் 111 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழையுங்கள். கண்ணாடி டம்ளரைத் தோலின் மேல் வைத்து அழுத்தினாலும் மறையாத தடிப்பு, மூச்சுத் திணறல், எழுப்ப முடியாத மயக்கம் என்றால் ஆம்புலன்ஸுக்கான அவசர எண் 999-ஐ அழையுங்கள். நம் பிள்ளைகளின் நிறத்தில் தடிப்பு எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம் பாருங்கள்.

காது வலிக்கு மருந்துக்கடைக்கே போகலாம். 2024 ஜனவரி முதல், ஒரு வயதிலிருந்து 17 வயது வரை உள்ளவர்களின் காது வலியைப் பார்த்துத் தேவைப்பட்டால் மருந்து தர இங்குள்ள மருந்தாளுநர்களுக்கு அனுமதி உண்டு. 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சீட்டில் எழுதும் மருந்து இலவசம்.

தாமிரபரணிக் கரை வெயிலில் வளர்ந்த குழந்தைக்கு இங்குள்ள குளிர்கால வெயில் போதாது. ஒன்று முதல் நான்கு வயது வரை தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி கொடுக்கச் சொல்கிறார்கள். பெரிய பிள்ளைகளுக்கும், கருநிறத் தோல் என்பதால், ஆண்டு முழுவதும் தரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆச்சி கொடுத்தனுப்பும் உரை மருந்து, வசம்பு எதைக் கொடுத்தாலும் ஜி.பி.யிடம் மறைக்காதீர்கள். கடையில் வாங்கும் சில கண்மைகளில் ஈயம் இருக்கிறது. குழந்தையின் கண்ணில் தீட்ட வேண்டாம்.