அம்மம்மாவின் ரேந்தை விரிப்பும் வளவுக் குருவிகளும்: கழுவுதல், திருத்துதல், காத்தல்

வன்னியில் குறோசே (கொளுக்கி ஊசியால் நூலைப் பின்னும் ரேந்தை வேலை) விரிப்புகளைக் கழுவுவதற்கு மாசியும் பங்குனியுமே ஏற்ற மாதங்கள். மாரி மழையின் ஈரம் அப்போது வடிந்திருக்கும். சோழகக் காற்று எழுந்து புழுதியை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு இன்னும் நாளிருக்கும். குருவிகளும் அணில்களும் கூடு கட்ட நார் தேடி வளவுக்குள் திரிகின்ற காலமும் ஏறக்குறைய இதுவே. கழுவிய விரிப்பு நிழலில் காய அரை நாள் வேண்டும். அதற்கு ஒருவர் காவலிருக்க வேண்டும். அப்படிக் காவலிருந்தே எங்கள் வளவில் வாழும் உயிர்களை நான் அறிந்துகொண்டேன். ஆகவே இரண்டையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பது அம்மம்மா பின்னிய வட்ட மேசை விரிப்பு. நடுவிலிருந்து விரியும் அன்னாசிப்பழ வடிவங்கள் பன்னிரண்டும், ஓரத்தில் சிறு விசிறிகளும் கொண்டது. 2009இல் இடம்பெயர்ந்தபோது அம்மா அதைப் பழைய வேட்டியொன்றில் சுற்றி உடுப்புப் பையின் அடியில் வைத்திருந்தார். தையல் இயந்திரமும் அலுமாரியும் போன இடம் தெரியவில்லை. விரிப்பு மட்டும் எங்களோடு திரும்பி வந்தது. வன்னியில் இப்படி ஒற்றைப் பொருளாய் மிஞ்சிய பின்னல் வேலைகள் பல வீடுகளில் உள்ளன. பழுதாகிவிடுமோ என்ற பயத்தில் பலர் அவற்றைத் தொடுவதேயில்லை. தொடாமல் வைப்பதால் பருத்தி நூல் காக்கப்படுவதில்லை. அழுக்கும் ஈரமும் மடிப்பும் சேர்ந்து, பெட்டிக்குள் இருந்தபடியே அதை அரித்துவிடும்.

கழுவும் முன் விரிப்பை ஒரு கறுத்தத் துணியின்மேல் விரித்து, பகல் வெளிச்சத்தில் நடுவிலிருந்து ஓரம் வரை வரிவரியாகப் பார்க்க வேண்டும். அறுந்த நூல் கண்ணில் பட்டால், அதன் இரு பக்கத்திலும் திறந்து கிடக்கும் கண்ணிகளுக்குள் வேறு நிற நூலொன்றைக் கோத்துத் தளர்வாக முடிந்துவிடுங்கள். இதைச் செய்யாமல் நீரில் இட்டால் ஒரு கண்ணியின் பழுது பக்கத்துக் கண்ணிகளுக்கும் பரவும். விரிப்பின் குறுக்களவையும் இப்போதே அளந்து எழுதி வையுங்கள். காயவைக்கும்போது அது தேவைப்படும்.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் பல கிணறுகளின் நீர் கடினமானது. சவர்க்காரம் நுரைக்காமல் வெண்படிவமாகத் திரளும். அந்தப் படிவம் பின்னலின் கண்களுக்குள் தங்கினால் காய்ந்த பின் நூல் மங்கித் தடிப்பாகத் தோன்றும். ஆகவே மாரியில் பிடித்து மூடி வைத்த மழைநீரை இதற்கென்று இரண்டு வாளி ஒதுக்கி வைப்பது எங்கள் வழக்கம். மழைநீர் இல்லையெனில் கொதித்து ஆறி, அடிமண்டி தெளிந்த நீரை மேலாக இறுத்து எடுக்கலாம். அகன்ற பாத்திரத்தில் அந்த நீரை விட்டு, குழந்தைகளுக்குப் பாவிக்கும் மென்மையான சவர்க்காரத்தைச் சீவிக் கரைத்து, விரிப்பை ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். தேய்க்கவோ பிழியவோ கூடாது. உள்ளங்கையால் மெல்ல அழுத்தி விட்டாலே அழுக்கு வெளியேறும். நீர் பழுப்பாக மாறுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தெளிந்த நீர் வரும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள். நனைந்த பின்னல் தன் பாரத்தாலேயே அறுந்துவிடக் கூடியதாகையால், தூக்கும்போது அடியில் ஒரு துவாயைக் கொடுத்துத் துவாயோடு தூக்க வேண்டும்.

துருக்கறை இருந்தால் குளோரின் கலந்த வெளுப்பானை ஒருபோதும் இடாதீர்கள்; அது பருத்தியை நலிவாக்குவதோடு துருவையும் இன்னும் ஆழமாகப் பதித்துவிடும். தேசிக்காய்ச் சாற்றில் சிறிது உப்பைக் கரைத்துக் கறையில் மட்டும் தொட்டு வைத்து, சில நிமிடங்களில் நன்றாக அலசிவிடுவதே போதும். முழுவதும் போகாவிட்டால் விட்டுவிடுங்கள். எங்கள் விரிப்பில் றங்குப்பெட்டிக் கொளுக்கி பட்ட தடம் ஒன்று இன்னும் மங்கலாக இருக்கிறது. அதைப் போக்க மேலும் முயல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது விரித்துக் காயவைத்தல். மாமரம் அல்லது வேம்பின் நிழலில் கட்டிலைப் போட்டு, அதன்மேல் பாயும் வெள்ளைத் துணியும் விரியுங்கள். துவாயில் சுருட்டி ஈரம் ஒற்றிய விரிப்பை அதன்மேல் வைத்து, முன்பு எழுதிய அளவுக்கு மெதுவாக இழுத்து, துருப்பிடிக்காத குண்டூசிகளால் முதலில் நடுவையும், பிறகு எதிரெதிர் முனைகளையும், கடைசியில் ஒவ்வொரு விசிறியின் நுனியையும் குத்துங்கள். குத்தும் ஊசிகளை எண்ணிக்கொள்ள வேண்டும். முற்றத்தில் எல்லோரும் வெறுங்காலுடன் நடக்கிறோம், நிலத்தைக் கிளறி இரை தேடும் பறவைகளும் அங்கேதான் வருகின்றன. மேலே மெல்லிய நுளம்பு வலையொன்றைக் கட்டுங்கள். பறவை எச்சம் விழாமலிருக்க மட்டும் இதைச் சொல்லவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வலை கட்டாமல் நான் தேநீர் எடுக்க உள்ளே போய் வந்தபோது, விரிப்பின் ஓரத்தில் ஓர் அணில் இருந்தது. முன்னங்கால் இரண்டாலும் ஒரு விசிறியைப் பிடித்து, நூலைக் கடித்து, கடித்ததை வாய்க்குள் பந்தாகத் திணித்துக்கொண்டிருந்தது. நான் கூப்பிட்ட சத்தத்துக்கு, வாயின் இரு பக்கமும் வெள்ளை நூல் தொங்கப் பனை மரத்தில் ஏறியது. மூன்று விசிறிகள் போயிருந்தன. அன்று அழுதேன். சோழகம் வீசிய மாதத்தில் அந்த அணிலின் கூடு விழுந்தது. தும்பு, பழந்துணி, இலவம்பஞ்சு ஆகியவற்றுக்கிடையே அம்மம்மாவின் நூல் ஒரு சாண் நீளத்தில் சுற்றிக் கிடந்தது. நல்லவேளையாகக் குஞ்சுகள் வளர்ந்து வெளியேறியிருந்தன. நீளமான நூல் கூட்டுக்குள் கிடந்தால் குஞ்சுகளின் காலில் சுற்றி இறுகி, கால் வளரும்போது இரத்தவோட்டத்தைத் தடுத்துவிடும். ஆகவே தையல் மிச்ச நூல்களைக் குருவிகளுக்கு என்று வெளியே போடாதீர்கள். அதற்குப் பதிலாகத் தேங்காய்த் தும்பையும் இலவம்பஞ்சையும் ஒரு கம்பிக் கூடைக்குள் அடைத்து, விரிப்புக் காயும் இடத்துக்குத் தள்ளி ஒரு கிளையில் தொங்கவிடுங்கள். இப்போது எங்கள் அணில்கள் அங்கேதான் போகின்றன.

காவலிருக்கும் இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் அகன்ற மண்சட்டியொன்றில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு நீர் விட்டு, நடுவில் ஒரு கல்லை வையுங்கள். நுளம்பு பெருகாமலிருக்க நாள்தோறும் சட்டியைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்ற வேண்டும். டெங்குக் காலத்தில் இதில் ஒரு நாளும் தவறக்கூடாது. முதலில் புலுனிகள் (தவிட்டுக்குருவிகள்)தான் வரும். ஏழெட்டாக வந்து, ஒன்று குளிக்க மற்றவை கத்தும். பிறகு மைனா, அதன்பின் நத்தை தேடி வேலியோரம் நடக்கும் செண்பகம். ஆட்காட்டி வயற்கரையிலிருந்து கத்தினால் யாரோ வருகிறார்கள் என்று பொருள். இவற்றுக்குச் சோறு வைக்க விரும்பினால் காகத்துக்கு வைப்பதைப் போல உப்பில்லாமல் ஒரு பிடி போதும்.

இவற்றுள் நான் மிகவும் விரும்புவது தையற்சிட்டை. கட்டை விரலளவு உடலும் நிமிர்ந்த வாலும் கொண்ட அது, அகன்ற இலையின் ஓரங்களில் அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையும் பஞ்சு இழையையும் அத்துளைகளுள் செலுத்தி, இலையைப் பையாகத் தைக்கிறது. எங்கள் தேக்கங்கன்றில் கட்டிய கூட்டை, குஞ்சுகள் போன பிறகு அருகில் சென்று பார்த்தேன். ஒவ்வொரு துளையிலும் இழை வெளிப்பக்கம் சிறு திரளாகப் பிசிறி நின்று, இழுபட்டுக் கழலாமல் இலையைப் பிடித்திருந்தது. முடிச்சு இல்லாமலே நிற்கும் தையல் அது. கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும்போது கிட்டே போகாதீர்கள், தாய்ப்பறவை விட்டுவிடக்கூடும்.

போன விசிறிகளைத் திருத்திய முறையையும் சொல்லிவிடுகிறேன். கெடாமல் இருக்கும் விசிறியொன்றைப் புகைப்படமெடுத்துப் பெரிதாக்கி, சங்கிலிக் கண்ணிகளையும் நெடுந்தையல்களையும் எண்ணித் தாளில் வரைந்துகொள்ளுங்கள். நூலின் இலக்கம் கூடக்கூட நூல் மெல்லியதாகும்; பழைய விரிப்புகளுக்குப் பெரும்பாலும் 20ஆம் இலக்கத்திலிருந்து 40ஆம் இலக்கம் வரை தேவைப்படும். புதிய நூலின் வெண்மை பழையதன் அருகே உறுத்துமாகையால், நூலை முதலில் மிக மெல்லிய வெறுந்தேநீரில் தோய்த்து, நன்றாக அலசிக் காயவைத்துப் பாவியுங்கள். நல்ல கண்ணி இருக்கும் வரியிலிருந்து தொடங்கி, கோத்து வைத்த காவல் நூலை ஒவ்வொரு கண்ணியாக விடுவித்தபடி குறோசே ஊசியால் பின்னி வர வேண்டும். அம்மம்மா இறுக்கிப் பின்னுபவர், நான் தளர்த்திப் பின்னுபவள். ஆகவே அவருடைய இறுக்கம் வருவதற்கு நான் ஓரளவு சிறிய ஊசியை எடுக்க வேண்டியிருந்தது. மூன்று விசிறிகளுக்கு ஐந்து மாலைகள் சென்றன.

விரிப்பு முற்றாகக் காய்ந்ததும் ஊசிகளை எண்ணி எடுங்கள். மேசையில் விரிப்பதற்கென்றால் அரிசிக் கஞ்சித் தெளிவை மெல்லியதாகத் தெளித்து நிமிர்த்தலாம். பெட்டியில் வைப்பதற்கென்றால் கஞ்சி கூடவே கூடாது. இராமபாணப் பூச்சியும் கரப்பானும் கஞ்சியைத் தேடி வந்து நூலையும் சேர்த்துத் தின்றுவிடும். நாளடைவில் பலகை நூலைப் பழுப்பாக்கும் என்பதால், விரிப்பு அலுமாரிப் பலகையில் நேரடியாகப் படக்கூடாது. கஞ்சியில்லாத பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி உருளையாக வையுங்கள். இடமில்லாமல் மடித்தால் ஆண்டுக்கு இருமுறை மடிப்பை மாற்றுங்கள். பின்னியவரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை ஒரு நாடாவில் நூலால் எழுதி வேட்டியின் மூலையில் தைத்துவிடுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறும்.

வலசைப் பறவைகளைக் காணச் சுண்டிக்குளத்துக்கும் வங்காலைக்கும் போகிறவர்கள் உண்டு. எங்கள் வளவுக்கும் ஒன்று வருகிறது. புரட்டாதி, ஐப்பசி அளவில் ஆறுமணிக்குருவி வந்துசேர்ந்து, பொழுதுபடும் வேளையில் புதருக்குள்ளிருந்து இரட்டைக் குரலில் கூவும். அதன் குரல் முதல்முறை கேட்ட வாரத்திலேயே, மாரி ஈரம் ஏறும் முன், விரிப்பை மேசையிலிருந்து எடுத்து, வெயில் காட்டிய வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். தை பிறந்து வெயில் தெளிந்த முதல் நாளில் அதைத் திறந்து காற்றாட விடுங்கள்.