கிராதார்ச்சுனத் தொகுதியை மெழுகில் அமைத்து வார்க்கும் முறை

பாசுபதம் வேண்டித் தவமிருந்த அர்ச்சுனனைக் கொல்லப் பன்றி வடிவில் வந்த மூகாசுரன் மீது, கிராதன் எனப்படும் வேடனாக வந்த சிவனும் அர்ச்சுனனும் ஒரே நேரத்தில் அம்பெய்து, பின் அந்தப் பன்றிக்காகவே மோதிக்கொண்ட கதையைச் செப்புத் திருமேனிகளில் வடிக்க விரும்புவோர், எந்தக் கணத்தைக் காட்டப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். வழிபாட்டுக்கு உரியதாயின் போர் முடிந்த கணமே ஏற்றது. சிவன் உடல் வளையாத சமபங்கத்தில் நிற்க, இடப்புறம் உமையும் வலப்புறம் கைகூப்பிய அர்ச்சுனனும் அமைவது சிற்ப நூல் மரபு.

அடுத்தது அளவு. தென்னை ஓலையைச் சிவனின் உயரத்துக்கு நறுக்கி, மடித்துக் குறியிட்டு அளவுகோலாகிய ஒடியோலை செய்துகொள்க. தாளம் என்னும் சிற்ப அளவுமுறைப்படி, சிவனுக்கு உத்தம தசதாளமாகிய 124 அங்குலமும் தேவிக்கு மத்திம தசதாளமாகிய 120 அங்குலமும் உரியவை. இங்கே அங்குலம் என்பது அந்தந்தத் திருமேனியின் உயரத்திலிருந்தே பிரித்தெடுக்கப்படுவதால், தாளம் ஒன்றைக் கொண்டே தேவியின் உயரம் அமைந்துவிடாது. சிவனோடு ஒப்பிட்டு அதைத் தனியே வரையறுக்க வேண்டும். அர்ச்சுனன் சிவனின் தோளைத் தாண்டாமலும், பன்றி முழங்காலுக்கு மேற்படாமலும் இருந்தால் பார்வை சிதறாது என்பது என் கருத்து.

தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் நிலக்கடலை எண்ணெயுடன் உருக்கிக் கலந்து உருவங்களைப் பிடித்தபின், அவற்றை உடனே தனித்தனியே மண் பூச எடுத்துச் செல்லாமல், ஒரே பலகையில் நிறுத்தி நாற்புறமும் சுற்றிப் பார்க்க வேண்டும். அர்ச்சுனனின் கூப்பிய கை சிவனை நோக்கித் திரும்பவில்லையென்றால் மெழுகில் சிறிது சூடு காட்டித் திருத்திவிடலாம்; உலோகமான பிறகு அந்தத் தவறு நிலைத்துவிடும். சிவனின் இடக்கை வில்லைப் பற்றும் நிலையிலும் வலக்கை அம்பைப் பிடிக்கும் கடக முத்திரையிலும் இருக்க, வில்லை மட்டும் தனியே வார்த்துப் பின்னர் பொருத்துவது நல்லது. மெல்லிய நீண்ட பகுதியில் உலோகம் ஓடி நிறைவது கடினம்.

முதல் பூச்சுக்கு நன்றாக அரைத்த காவிரி வண்டல் மண்ணைப் பயன்படுத்துக. கண்ணிமையின் கோடுகூட அதில்தான் பதியும். அதன்மேல் வயற்களிமண்ணும், பிறகு மணல் கலந்த மண்ணும் பூசி, ஒவ்வொரு பூச்சையும் நிழலில் உலர்த்தி, இரும்புக் கம்பியால் கட்டுக. வறட்டித் தீயில் மெழுகை வெளியேற்றி, மெழுகின் எடையைப்போல் 8 மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக உலோகத்தை உருக்கி, கரு எனப்படும் மண் அச்சு சூடாக இருக்கும்போதே இடைவிடாமல் ஊற்ற வேண்டும்.

ஆறியபின் மண்ணை உடைத்து உளிவேலை செய்யும்போது, கண்களை மட்டும் இறுதிவரை விட்டுவைத்து, எல்லா உருவங்களையும் பீடத்தில் ஏற்றிய பிறகே அர்ச்சுனனின் பார்வை சிவனின் திருமுகத்தில் சேருமாறு கருவிழிகளைச் செதுக்குக.