வீட்டு வேலையை நேரக் கணக்குப் போட்டுப் பங்கிடுவது எப்படி?

கணவன், மனைவி இருவரும் சம்பளத்துக்குப் போகும் வீட்டில், யார் அதிகம் உழைக்கிறார்கள் என்பதை வாய்ப்பேச்சில் முடிவு செய்ய முடியாது. ஆளுக்கொரு நோட்டு எடுத்து ஒரு வாரம் எழுதுங்கள்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் கையாளும் முறையே போதும்: அதிகாலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை, அரை மணிக்கு ஒரு கட்டம். 2019-இல் வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிட்டார்கள். 2024-இல் 289, 88. இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201-க்கு வந்திருக்கிறது. அதுவும் வேலையில் கைவைத்தவர்களின் சராசரிதான். எதுவுமே செய்யாத ஆண்கள் இதில் சேர்த்தியில்லை.

அன்றன்றைய கணக்கை அன்றிரவே எழுதிவிட வேண்டும். சம்பள வேலை (பஸ், ரயில் பயணமும் சேர்த்து), வீட்டு வேலை, பராமரிப்பு (பிள்ளைகளையும் பெரியவர்களையும் கவனிப்பது), ஓய்வு, தூக்கம் என்று பிரியுங்கள். எது வேலை, எது ஓய்வு என்று குழப்பம் வந்தால் பொருளியலாளர் மார்கரெட் ரீட் 1934-இல் தந்த சோதனை கைகொடுக்கும்: காசு கொடுத்து வேறொருவரைச் செய்யச் சொல்ல முடியுமென்றால் அது வேலை. பிள்ளையை டியூஷனுக்குக் கூட்டிப்போவது வேலை. சீரியல் பார்த்தபடி பூண்டு உரிப்பதும் வேலைதான், ஓய்வில் எழுதாதீர்கள்.

வார முடிவில் வீட்டு வேலையை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். சம்பள வேலை, பயணம், வீட்டு வேலை, பராமரிப்பு எல்லாவற்றையும் கூட்டுங்கள். உதாரணமாக, கணவனுக்குச் சம்பள வேலையும் பயணமும் 57, வீட்டு வேலையும் பராமரிப்பும் 7, ஆக 64 மணி நேரம்; மனைவிக்கு அதேபோல் 48 + 35 = 83. வித்தியாசம் 19. கைமாற வேண்டியது அதில் பாதி, அதாவது ஒன்பதரை மணி. ராத்திரிப் பாத்திரம் தினமும் அரை மணி, ஐந்து நாள் வீட்டுப்பாடமும் தூங்கவைப்பதும் முக்கால் மணி வீதம், வார மளிகையும் துணி மடிப்பும் இரண்டேகால் மணி. இவற்றைக் கணவன் எடுத்துக்கொண்டால் சரியாக வந்துவிடும்.

பெரும்பாலான வீடுகளில் ஏற்பாடு சறுக்குவது அடுத்த கட்டத்தில்தான். வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்காதீர்கள். அடிமுதல் நுனிவரை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். இட்லி மாவு என்றால் கிரைண்டர் சுவிட்சைப் போடுவது மட்டுமில்லை. உளுந்து தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பது, சனிக்கிழமை மதியம் ஊறப்போட ஞாபகம் வைப்பது, அரைத்து உப்புப் போட்டுக் கரைப்பது, பொங்கி வழியாத பாத்திரமாகப் பார்த்து ஊற்றுவது, கிரைண்டரைக் கழுவிக் கவிழ்ப்பது எல்லாம் சேர்ந்ததுதான் மாவு. “சொல்லு, செய்றேன்” என்றால் சொல்கிற வேலை மனைவி தலையிலேயே நிற்கும். அதேபோல், தள்ளிப்போடக்கூடிய வேலைகளான கரண்ட் பில், வண்டி சர்வீஸ் மட்டும் ஒருவருக்கும், மணி தவறினால் நடக்காத சமையல் முழுக்க இன்னொருவருக்கும் போகக்கூடாது. நிமிடக் கணக்கு சமமாக இருந்தாலும், இரண்டாமவருக்கு ஒரு மாலைகூடச் சொந்தமாக இருக்காது.

பணத்திலும் ஒரு தப்புக் கணக்கு உண்டு. குழந்தைகள் காப்பகத்துக்கும் வேலைக்கார அம்மாவுக்கும் ஆகும் செலவை மனைவி சம்பளத்தில் மட்டும் கழித்து, “மிச்சம் ஒண்ணுமில்லை, நின்னுடு” என்பார்கள். பிள்ளை இருவருக்கும்தானே? செலவை இருவர் வருமானத்திலிருந்தும், சம்பள விகிதப்படி கழியுங்கள். வேலையை விட்டால் போவது இந்த மாதச் சம்பளம் மட்டுமில்லை: பி.எஃப்., இன்கிரிமெண்ட், அனுபவ வருஷங்கள் எல்லாம் போகும். திரும்பி வரும்போது பழைய சம்பளம் கிடைப்பது கஷ்டம்.

ஒருவர் வீட்டோடு இருப்பது என்றே முடிவெடுத்தால், வாங்கும் வீட்டையும் சேமிப்பையும் இருவர் பெயரிலும் போடுங்கள். கணவன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் இல்லத்தரசியின் உழைப்புக்கும் சம பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனாலும் பத்திரத்தில் பெயர் இருந்தால் கோர்ட் வரை போக வேண்டியதில்லை.