சிறுகதைப் பட்டறைக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

எழுதிய கதையைக் கொண்டு போய் மற்றவர்களோடு உட்கார்ந்து கருத்துக் கேட்கும் இடம்தான் பட்டறை. அங்கே முதல் முறை போகிறவர்களின் தவறு, வீட்டில் பையைக் கட்டும்போதே தொடங்கிவிடுகிறது. எழுதியதில் இருப்பதிலேயே நன்றாக வந்த கதை எது என்று தேடி, நாலு பேர் பாராட்டியதை, சிலர் ஏற்கெனவே பத்திரிகையில் அச்சானதையே நகல் எடுத்துக்கொண்டு வருவார்கள். அதைச் செய்யாதீர்கள். அச்சான கதையை நீங்கள் இனித் திருத்தப் போவதில்லை, அதனால் அங்கே யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. எங்கேயோ இடிக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை என்று உங்களை உறுத்திக்கொண்டிருக்கும் கதை ஒன்று இருக்குமே, மூன்றாம் பக்கத்தில் நின்றுபோனதோ முடிவை மட்டும் நாலு முறை மாற்றியதோ, அதை எடுத்து வாருங்கள். கொல்லன் பட்டறைக்கு மழுங்கின அரிவாளைத்தானே கொண்டு போவோம்.

அடுத்த தவறு வாயைத் திறப்பது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கிய எழுத்தாளர் பட்டறையோடு சேர்த்துப் பேசப்படும் பழக்கம் ஒன்று உண்டு: கதையை எல்லோரும் முன்னாலேயே படித்துவிட்டு வருவார்கள், அதைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை எழுதியவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். 1968இல் தொடங்கிய கிளாரியன் என்ற ஆறு வார அறிவியல் புனைகதைப் பட்டறையில் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்லுவார்கள், எழுதியவரின் முறை கடைசியில்தான் வரும். இந்த மௌனத்துக்கு எதிர்ப்பும் உண்டு. கதை நடக்கும் ஊரையும் சாதியையும் சடங்கையும் அறியாதவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தால், அந்தப் பேச்சு கதையை விட்டு எங்கேயோ போய்விடும், எழுதியவர் வாயை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அது நியாயமான குறைதான். ஆனாலும் முதல் பத்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்வதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். நாளைக்கு உங்கள் கதையை யாரோ ஒருவர் பஸ்ஸில் உட்கார்ந்து படிக்கும்போது, "இல்லைங்க, அந்த இடத்துல நான் என்ன நினைச்சேன்னா" என்று சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

விளக்கம் சொல்வதிலேயே மிக மோசமான விளக்கம், "இது உண்மையா நடந்ததுங்க" என்பது. நம்ப முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் தாளில் நம்பும்படி இல்லை என்று அர்த்தம். நடந்ததா இல்லையா என்ற கேள்வியையே அவர் கேட்கவில்லை.

நம் ஊர்ப் பட்டறைகள் பலவற்றில் எழுதியவரே கதையை உரக்க வாசிப்பது வழக்கம். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. நல்ல குரல் இருந்தால் கதையின் ஓட்டைகளைக் குரலே அடைத்துவிடும். எழுத்தில் இல்லாத இடைவெளியை நீங்கள் மூச்சில் கொடுத்துவிடுவீர்கள், சிரிப்பு வர வேண்டிய இடத்தில் உங்கள் முகம் முதலில் சிரித்துவிடும். முடிந்தால் பக்க எண் போட்ட நகல்களைக் கொடுத்துவிட்டு, வேறு ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த வாக்கியத்தில் தடுக்கித் திரும்ப வாசிக்கிறார் என்று மட்டும் உங்கள் பிரதியில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நான் செய்த தவறு, எனக்கு இரண்டு வருடம் நஷ்டமானது. அம்மா இறந்த பிறகு அவளுடைய தையல் மெஷினை விற்க ஊருக்கு வரும் மகளைப் பற்றி ஒரு கதை கொண்டு போயிருந்தேன். முதல் இரண்டு பக்கம் அம்மா அந்த மெஷினை வாங்கிய கதை, மூன்றாம் பக்கத்தில்தான் வாங்குகிறவர் வருவார். ஒருவர் பழைய கதையைக் குறைக்கச் சொன்னார். இன்னொருவர் மகளை வெளிநாட்டிலிருந்து வர வைக்கச் சொன்னார். மூன்றாமவர் கடைசியில் அவள் விற்காமல் திரும்பிப் போகட்டும் என்றார். மூன்று பேரும் எனக்கு மூத்தவர்கள், மூன்றையும் அப்படியே செய்தேன், கதை செத்துப்போனது. வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது. மூன்று பேரும் தடுக்கி விழுந்த இடம் ஒன்றுதான்: மகளுக்கு என்ன வேண்டும் என்று மூன்றாம் பக்கம்வரை யாருக்கும் தெரியவில்லை. விழுந்த இடத்தை அவர்கள் சரியாகவே காட்டினார்கள், மருந்தைத்தான் ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். பிறகு பழைய பிரதிக்கே திரும்பிப் போய், முதல் பத்தியில் ஒரே ஒரு விஷயம் சேர்த்தேன். வாங்குகிறவரிடம் அவள் ஏற்கெனவே ஐந்நூறு ரூபாய் முன்பணம் வாங்கிச் செலவு செய்துவிட்டாள். அவ்வளவுதான், அம்மாவின் பழைய கதை இரண்டு பக்கமும் அப்படியே இருந்தும் இப்போது படிப்பவர்கள் அலுக்காமல் படிக்கிறார்கள், ஏனென்றால் ஒவ்வொரு வரியும் அந்த ஐந்நூறு ரூபாயின் மேல் விழுகிறது.

ஆகவே கருத்துச் சொல்கிறவர் "இப்படி மாற்று" என்றால், "எந்த வரியில் உங்களுக்கு அப்படித் தோன்றியது?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேர் அதே வரியைக் காட்டினால் அங்கே நிச்சயம் ஏதோ இருக்கிறது. என்ன செய்வது என்பது உங்கள் பொறுப்பு.

கதைக்குள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறுகளில் ஒன்று தமிழுக்கே உரியது, கோணம் மாறுவதை உறவுமுறைச் சொல் காட்டிக்கொடுத்துவிடும். பத்து வயதுப் பையன் பார்வையில் போகும் கதையில் "அத்தை உலையை இறக்கினாள், கோமதிக்குக் கண் எரிந்தது" என்று எழுதினால், முதல் பாதி பையன் பார்ப்பது, மறுபாதியில் பையனே இல்லை. கோமதி என்பது அத்தையின் பெயர்தான், ஆனால் அவன் அவளைக் கோமதி என்று நினைக்க மாட்டான், அவள் கண் எரிந்தது அவனுக்குத் தெரியவும் தெரியாது. "அத்தை உலையை இறக்கிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்" என்றால் போதும். மதினி, சித்தி, கொழுந்தன், பெரியம்மா என்று ஒவ்வொரு சொல்லும் யாருடைய கண் என்று சொல்லிவிடுகிற மொழி நமக்கு வாய்த்திருக்கிறது, அதைக் கவனிக்காமல் விடுவது பெரிய இழப்பு. நீங்கள், நீ என்பதும் அப்படித்தான். கதை முழுக்க "வாங்க மாமா" என்றவள் ஒரு இடத்தில் "போ" என்றால் அங்கே ஒரு சம்பவமே நடந்துவிட்டது, அதற்கு மேல் "அவளுக்குக் கோபம் பொங்கியது" என்று எழுத வேண்டியதில்லை.

வட்டார வழக்கில் இன்னொரு வகைத் தவறு. மண்வாசனை வேண்டும் என்று எல்லா வாக்கியத்தையும் "வந்தாக, போனாக" என்று முடித்துவிட்டு, சொற்களையெல்லாம் பொதுத்தமிழில் வைப்பார்கள். வினைமுற்றை மட்டும் மாற்றினால் ஊர் வந்துவிடாது. கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குச் சொற்களைத் தொகுத்து ஒரு அகராதியே போட்டார், அந்த அளவுக்கு அந்த நிலத்தின் மண்ணுக்கும் பயிருக்கும் மாட்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. உங்கள் பாத்திரம் எந்த வேலை செய்கிறதோ அந்த வேலைக்காரர்களோடு ஒரு நாள் இருந்து, அவர்கள் கருவிகளை என்ன பெயரில் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு வாருங்கள். அப்புறம் பேச்சு வழக்கு தானாக வரும்.

கதையை எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அலாரம் அடித்து எழுந்து பல் தேய்த்து காபி குடிக்கும் தொடக்கம் பட்டறைக் குவியலில் அடிக்கடி வரும், அதை வெட்டிவிட்டு முதல் தொல்லை வரும் வரியிலிருந்து வாசித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றும் குறைந்திருக்காது. கடைசிப் பத்தியில் நீதி சொல்லியிருந்தால் அந்தப் பத்தியை விரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள். கதை அதற்கு முன்னாலேயே முடிந்திருக்கும்.

மற்றவர் கதைக்கு நாம் செய்யும் அநியாயங்களும் உண்டு. "அருமை, தொடர்ந்து எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவது ஒன்று. எழுதியவர் அதை வைத்துக்கொண்டு ஒன்றுமே செய்ய முடியாது. சந்திப்பிழையிலேயே அரை மணி நேரத்தைக் கரைப்பது இன்னொன்று, ஒற்றுப் பிழையைப் பென்சிலால் குறித்துப் பிரதியைத் திருப்பிக் கொடுத்தால் போதும். சிலர் தங்கள் கதை வாசிக்கப்பட்டதும் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்காக உண்மையிலேயே வருத்தப்படுகிறேன், ஏனென்றால் சொந்தக் கதையில் மூன்று வருடம் கண்ணுக்குப் படாத பிழை, பக்கத்து நாற்காலிக்காரர் கதையில் முதல் வாசிப்பிலேயே படும், அன்றைக்கு வீட்டுக்குப் போய் நம் கதையை எடுத்தால் அதே பிழை அங்கேயும் உட்கார்ந்திருக்கும்.

நான் இப்போதெல்லாம் மற்றவர் பிரதியின் ஓரத்தில் மூன்று குறிகள் மட்டும் போடுகிறேன்: நிமிர்ந்து உட்கார்ந்த வரிக்கு ஒரு கோடு, கவனம் சிதறிய இடத்துக்கு ஒரு வட்டம், புரியாத இடத்துக்குக் கேள்விக்குறி. தீர்ப்பு எதுவும் எழுதுவதில்லை. பன்னிரண்டு பேர் இப்படிக் குறித்த பன்னிரண்டு நகல்களையும் வரிசையாகத் தரையில் பரப்பி வைத்துப் பாருங்கள், எந்தப் பக்கத்தில் வட்டங்கள் கூடுகின்றன என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

ஆனால் அன்றிரவே உட்கார்ந்து திருத்தாதீர்கள். பாராட்டோ காயமோ, இரண்டும் அப்போது சூடாக இருக்கும். நகல்களைக் கட்டி வைத்துவிட்டு இரண்டு வாரம் கழித்துப் பிரித்தால், யார் சொன்னது என்பது மறந்து சொன்ன விஷயம் மட்டும் நிற்கும். இரண்டு வாரத்தைத் தாண்டவும் விடாதீர்கள், பட்டறை முடிந்து வந்தவர்களின் அலமாரியில் அப்படிக் கட்டிய கட்டு பிரிக்கப்படாமலே கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். பிரிக்கும் தேதியைக் கட்டின் மேலேயே எழுதி வையுங்கள்.