தாத்தாவோட பிறப்பு பதிவு கிடைச்சது எப்படி – என் அனுபவம்

தாத்தா பேரைப் போட்டு எவ்ளோ தேடியும் பிறப்பு பதிவு சிக்கவே இல்ல, ஏன்னா ரிஜிஸ்டர்ல அவர் பேரே இல்ல. அந்தக் காலத்துல பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே நிறைய குழந்தைங்கள பதிவு பண்ணிடுவாங்க, வெறும் "ஆண் குழந்தை"ன்னு இருக்கும், கூட அப்பா அம்மா பேரு, ஊரு, அவ்ளோதான். அதனால குழந்தை பேரை காலியா விட்டுட்டு அப்பா பேரை மட்டும் போட்டு, வருஷத்தையும் முன்ன பின்ன விரிச்சு, ஸ்பெல்லிங்கை மாத்தி மாத்தி தேடினேன், வந்துடுச்சு!

அது அவர்தானான்னு உறுதி பண்ண, கூடப் பிறந்தவங்க பதிவையும் எடுத்து அம்மா பேரு, முகவரி ஒத்துப்போகுதான்னு பார்த்தேன். இதை மட்டும் தயவு செஞ்சு விட்றாதீங்க, ஒரே பேர்ல வேற ஒருத்தர் இருந்தா அதுக்கு மேல இருக்குற வம்சாவளி மொத்தமும் தப்பாயிடும்.

தேடுறதுக்கு ஃபேமிலிசர்ச்ங்கிற வம்சாவளி வெப்சைட்ல ஃப்ரீ அக்கவுன்ட்டே போதும், இன்டெக்ஸ் ஆகாத, அதாவது பேர் போட்டு தேட முடியாத ஸ்கேன் பக்கங்களையும் நிறைய இடத்துல ஒவ்வொண்ணா புரட்டலாம், பொறுமை வேணும். அப்புறம் நீங்க தேடுறவர் பிறந்த நாட்டுல அரசு பதிவு எப்போ ஆரம்பிச்சதுன்னு முதல்லயே பாருங்க. இங்கிலாந்துல 1837 ஜூலைல தான் ஆரம்பிச்சுது, அதுக்கு முன்னாடி வேணும்னா சர்ச் ஞானஸ்நான ரிஜிஸ்டர்ல தான் தேடணும்.