காலை நடையில் பறவை பார்ப்பது எப்படி: பைனாகுலர், வெயில், அப்புறம் அந்த 'டக் டக்' குருவி

கோவை சிங்காநல்லூர் குளக்கரையில் நான் நடக்க ஆரம்பித்து இது நான்காவது பனிக்காலம். முதலில் சர்க்கரைக்காகத்தான் நடந்தேன். ஐப்பசியில் ஒரு நாள் மின்கம்பியில் நூறு குருவிகளுக்கு மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. போன வாரம் வரைக்கும் அந்தக் கம்பி காலியாக இருந்தது. அவை தகைவிலான்கள், இமயமலையிலும் அதற்கும் வடக்கேயும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தப்பி இங்கே வந்தவை என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: தினமும் இந்த வழியாகத்தானே போகிறேன், இதைக் கவனிக்காமல் வேறென்ன கவனித்தேன்?

எப்படி ஆரம்பிப்பது என்று அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். எனக்கு எது எது உதைத்ததோ அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன். தொப்பி, தண்ணீர் பாட்டில் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

1. பாதையை மாற்றாதீர்கள்

ஆசை வந்ததும் எல்லோரும் வேடந்தாங்கலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். போங்கள், ஆனால் முதல் வருடம் வேண்டாம். ஆயிரக்கணக்கான பறவைகளை ஒரே நாளில் பார்த்தால் ஒன்றும் மனதில் நிற்காது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிலோமீட்டர் போதும். குளக்கரை, வாய்க்கால் ஓரம், பள்ளி மைதானம், எதுவானாலும் சரி. தினமும் அதே இடம், அதே நேரம். அப்படி நடந்தால்தான் புதிதாக ஒன்று வந்து இறங்கும்போது 'இது நேற்று இல்லையே' என்று உறைக்கும்.

மார்கழியில் இங்கே 6.40-க்குத்தான் சூரியன் தலைகாட்டும். ஏழு மணிக்குக் கரையில் இருந்தால் போதும். ஐந்து மணிக்கே போய் இருட்டில் நின்று நான் கண்டது தெருநாய்களை மட்டும்தான்.

வெயில் விஷயம் முக்கியம். முதல் மாதம் முழுக்க மேற்குக் கரையில் நடந்தேன். தண்ணீரில் இருந்த அத்தனையும் கறுப்பாகவே தெரிந்தது. எல்லாவற்றையும் நீர்க்காகம் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்க்க வேண்டும். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால்தான் நிறம் தெரியும். ஒரு நாள் அக்கரைக்கு மாறிப் போனபோது, என்னுடைய 'நீர்க்காகங்களில்' பாதி நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிகள்.

2. முதலில் உள்ளூர்க்காரர்கள் இருபது பேர்

வலசை வரும் பறவையைத் தேடாதீர்கள். வருடம் முழுக்க இருப்பவற்றைப் பழகுங்கள். என் பட்டியல்: காகம், மைனா, குயில், செம்போத்து, கரிச்சான், தவிட்டுக்குருவி, தேன்சிட்டு, தையல்சிட்டு, கொண்டைக்குருவி, கிளி, மீன்கொத்தி, மடையான், உண்ணிக்கொக்கு, நீர்க்காகம், முக்குளிப்பான், நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி, ஆள்காட்டி, பனங்காடை, பச்சைப் பஞ்சுருட்டான். இந்த இருபதையும் பார்த்த மாத்திரத்தில் சொல்ல வந்துவிட்டால், இருபத்தொன்றாவது தானே தனியாகத் தெரியும்.

இதில் இரண்டு ஏமாற்றுக்காரர்கள் உண்டு. உட்கார்ந்திருக்கும்போது மண் நிறத்தில் இருக்கும் மடையான், எழும்பிப் பறந்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும். இரண்டும் வேறு வேறு பறவை என்று நான் மூன்று வாரம் நம்பினேன். இன்னொன்று பெண்குயில். கறுப்பாக இருக்காது, பழுப்பு உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி. இதைப் படம் எடுத்து 'அபூர்வப் பறவை' என்று குடும்பக் குழுவில் போட்டவள் நான்தான்.

3. பைனாகுலர்: என்னை இரண்டு மாதம் படுத்திய வளையம்

வாங்குவதானால் 8x42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் ஐந்தேகால் வருகிறதா? அந்த அகலத்துக்கு வெளிச்சம் கண்ணுக்குள் வரும். பாக்கெட்டில் வைக்கும் 10x25-இல் அதுவே இரண்டரைதான். பனி மூட்டமான காலையில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். 10x50 பக்கம் போகாதீர்கள். கிலோவை நெருங்கும் எடை, கை நடுங்கினால் பறவையும் பத்து மடங்கு நடுங்கும். திருவிழாக் கடை ஜூம் பைனாகுலர் பேரப்பிள்ளைகளுக்கு இருக்கட்டும்.

வாங்கிய புதிதில் எனக்குத் தினமும் தலைவலி. படம் தெளிவாக இருப்பது போலவும் இருக்கும், ஏதோ பிசகுவது போலவும் இருக்கும். கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துப் பரிசோதனைகூடச் செய்துகொண்டேன். கடைசியில் விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருந்த சமயம், கரையில் தினமும் பார்க்கும் பெரியவர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்தார். "ஏங் கண்ணு, வலது பக்கம் ஒரு வளையம் இருக்குதே, அதத் திருப்பவே இல்லியா?" என்றார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

நம் இரண்டு கண்ணுக்கும் பார்வை ஒன்றுபோல் இருக்காது. நடுவில் உள்ள சக்கரம் இரண்டு குழலையும் சேர்த்துத்தான் நகர்த்தும். வலக்கண்ணுக்கு மட்டும் தனியாகச் சரிசெய்யத்தான் அந்த வளையம். பெரும்பாலும் வலப்பக்கம் கண் வைக்கும் இடத்திலேயே இருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எழுத்து உள்ள ஏதாவது ஒன்றை, தெருமுனைக் கடையின் போர்டு மாதிரி, முப்பது நாற்பதடி தள்ளி நின்று பாருங்கள். முதலில் இரண்டு குழலையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகச் சேரும் இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம் வலது குழலின் முன்பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இடக்கண்ணால் பார்த்தபடி நடுச்சக்கரத்தைத் திருப்பி எழுத்தைக் கூர்மையாக்குங்கள். இப்போது இடது குழலை மூடுங்கள். நடுச்சக்கரத்தைத் தொடக் கூடாது. வலது வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைக் கூர்மையாக்குங்கள். முடிந்தது. வளையம் நின்ற இடத்தில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வையுங்கள். வீட்டில் யாராவது எடுத்துத் திருகிவிட்டால் திரும்பக் கொண்டுவரலாம். இனி எந்தப் பறவைக்கும் நடுச்சக்கரம் ஒன்றே போதும்.

கண்ணை மூடிக்கொண்டு செய்யாமல் கையால் மறைக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கண்ணை இறுக்கி மூடினால் மற்றதும் சுருங்கும், கணக்கு தப்பும்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள், கண் வைக்கும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது போல இருக்கும்.

4. பறவையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்

கரிச்சானை வேலிக்காலில் பார்த்ததும், குனிந்து பைனாகுலரை எடுத்து, மறுபடி நிமிர்ந்து தேடினால் கிடைக்காது. பார்வை பறவை மேலேயே இருக்க, கை மட்டும் பைனாகுலரைத் தூக்கிக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். தண்ணீர்த் தொட்டி, மின்கம்பத்தின் வெள்ளைப் பீங்கான் என்று அசையாதவற்றில் ஒரு வாரம் பழகினால் வந்துவிடும்.

5. புதருக்குள் 'டக்... டக்...'

புரட்டாசி தாண்டியதும் தமிழ்நாட்டில் எந்தப் புதர் பக்கம் போனாலும் நாக்கைச் சொடுக்குவது போல ஒரு சத்தம் கேட்கும். ஆளைக் காணக் கிடைக்காது. முதல் பனிக்காலம் முழுக்க அது ஏதோ பூச்சி என்றுதான் இருந்தேன். அது பிளித் நாணல் கதிர்க்குருவி. குளிர்காலத்துக்கு இங்கே வருவது, பங்குனி சித்திரை வரை இருக்கும். பெயரில்தான் நாணல். இங்கே அது இருப்பது வேலிப்புதரிலும் தோட்டத்துச் செடியிலும்.

பின்னால் ஓடிப் பிடிக்க முடியாது. நீங்கள் ஓரடி வைத்தால் அது இரண்டடி உள்ளே போகும். சத்தம் வரும் புதரிலிருந்து பத்தடி தள்ளி அசையாமல் நில்லுங்கள். எட்டரை மணி வாக்கில் வெயில் புதரைத் தொடும். பூச்சிகள் அசையத் தொடங்கும், குருவியும் ஓரத்துக்கு வரும். எனக்குப் பதினொரு நிமிடம் ஆனது. உசிலம்புதரின் அடிக்கிளையில் ஒரு சின்ன உடம்பு, அழுக்குப் பழுப்பு, தொண்டை மட்டும் வெளுப்பு, உடம்புக்குக் கொஞ்சம் நீளமான அலகு, சரிந்த நெற்றி. ஒவ்வொரு 'டக்'குக்கும் வால் லேசாக வெட்டியது. அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து இட்லி வைத்தவரிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதுகு பச்சையாக, தலையில் செம்பழுப்புத் தொப்பியோடு வாலைத் தூக்கிக்கொண்டு இருந்தால் அது நம்ம ஊர்த் தையல்சிட்டு.

வாலாட்டிகளிலும் இதே குழப்பம் வரும். கறுப்புத் தலையில் வெள்ளைப் புருவம் இருந்தால் வெண்புருவ வாலாட்டி, அது உள்ளூர்க்காரர். வயிறு மஞ்சளாக இருப்பதெல்லாம் மஞ்சள் வாலாட்டி இல்லை. சாம்பல் வாலாட்டிக்கும் அடிப்பக்கம் மஞ்சள்தான். முதுகைப் பாருங்கள். சாம்பலாக இருந்து, நீண்ட வால் நிற்காமல் ஆடினால் சாம்பல் வாலாட்டி. முதுகு பச்சை கலந்து, மாடு மேயும் இடத்தில் மாட்டின் காலடியில் நடந்தால் மஞ்சள் வாலாட்டி.

6. கூச்சல் கேட்டால் நில்லுங்கள்

பறவை அல்லாதவற்றையும் பார்க்க ஆசை என்றால் காதுதான் கருவி. தவிட்டுக்குருவிகள் எப்போதும் கலகலவென்று பேசிக்கொண்டுதான் இருக்கும். அது திடீரென்று ஒரே இடத்தைப் பார்த்து இடைவிடாத கூச்சலாக மாறினால், கீழே பூனையோ பாம்போ கீரியோ இருக்கிறது. தை மாதத்தில் ஒரு நாள் அப்படிக் கூச்சல் கேட்டு நின்றேன். சீமைக்கருவேலத்தின் அடியிலிருந்து ஒரு கீரி வந்து, பாதை நடுவில் பின்னங்காலில் எழுந்து நின்று என்னைப் பார்த்தது. மூக்கு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஒன்றும் நடக்காதது போல எதிர்ப்பக்கப் புல்லுக்குள் போய்விட்டது. அணில்கள் கத்துவதை நிறுத்தவே இல்லையென்றால் மேலே பாருங்கள், வல்லூறாக இருக்கலாம்.

குஞ்சு இருக்கும் கூட்டுக்கும் பகலில் தூங்கும் ஆந்தைக்கும் பக்கத்தில் போகாதீர்கள், இடத்தை ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் எனக்குப் பிடிக்காது. தன் இடத்துக்கு வேறொரு பறவை வந்துவிட்டது என்று நம்பி அது இரையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது.

7. மெர்லின், இபேர்ட், நாற்பது பக்க நோட்டு

கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி இலவசம். குரலைக் கேட்டும் படத்தைப் பார்த்தும் பெயர் சொல்லும். நல்ல செயலிதான், ஆனால் அது சொன்னதை அப்படியே எழுதாதீர்கள். ஒருமுறை 'வல்லூறு' என்று அடித்துச் சொன்னது. மரத்தில் இருந்தது கரிச்சான். வல்லூறின் குரலை அச்சு அசலாக எடுத்துக் கத்தும் கில்லாடி அது. ஆனைச்சாத்தன் என்று பழைய பெயரும் அதற்கு உண்டு. மார்கழிக் காலையில் கோயில் ஒலிபெருக்கி ஓடும்போது மெர்லினைத் திறப்பதே வீண். செயலி தருவதைக் குறிப்பாக வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள்.

இபேர்ட் என்பது பார்த்த பறவைகளைப் பதிந்துவைக்கும் செயலி. அதில் பட்டியல் போடும்போது காகத்தையும் சேர்த்து, அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு எழுத வேண்டும். கம்பியில் இருக்கும் தகைவிலான்களைப் பத்துப் பத்தாக எண்ணுங்கள். எண்ணவே முடியவில்லை என்றால் எண்ணுக்குப் பதில் 'எக்ஸ்' போடலாம். ஆனாலும் கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். செயலி பெயரைத்தான் வைத்துக்கொள்ளும். 'தண்ணீர் இறங்கியிருக்கிறது, சேறு தெரிகிறது' என்பது நோட்டில்தான் இருக்கும். அந்த ஒரு வரி எனக்கு உதவியிருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் குளம் தளும்பும்போது உள்ளான்களுக்குக் கால் வைக்க இடம் இருக்காது. தை மாசியில் தண்ணீர் இறங்கி ஓரத்தில் சேறு தெரிந்ததும் வந்து குத்தத் தொடங்கும். உள்ளானைக் காணோம் என்று கார்த்திகையில் கவலைப்பட வேண்டியதில்லை.

பிறகு சேர்த்தவை

மெர்லின் திறக்கவே மாட்டேன் என்கிறது என்று இரண்டு பேர் கேட்டார்கள். இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பை வீட்டில் வைஃபை இருக்கும்போதே இறக்கி வையுங்கள். அதன் பிறகு கரையில் சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

சென்னையிலிருந்து ஒருவர், பால்கனிக்குள் வாலில்லாத மாதிரி, பல நிறத்தில் ஒரு குருவி வந்து விழுந்து கிடக்கிறது என்று எழுதியிருந்தார். ஐப்பசியில் இப்படி விழுவது பெரும்பாலும் ஆறுமணிக்குருவி. இரவில் பறந்து வந்த களைப்பு, விளக்கு வெளிச்சத்தில் வழி தவறியிருக்கும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். பூனை எட்டக் கூடாது. தெளிந்ததும் செடி அடர்ந்த இடத்தில் பெட்டியைத் திறந்து வையுங்கள், தானே போகும். சிறகு தொங்கினால் மட்டும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் புதியவர்கள் சேரலாமா என்றும் கேட்டிருந்தார்கள். தாராளமாக. 2015 முதல் பொங்கலையொட்டி நான்கு நாள் நடக்கிறது. ஒரே இடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, இபேர்டில் பட்டியல் போட்டால் போதும். எங்கள் பக்கம் போகியன்று காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் பறிக்க எப்படியும் குளக்கரைக்குத்தான் போவோம். போன வருடம் நான் பறித்துக்கொண்டே 15 நிமிடம் எண்ணினேன், பதினெட்டு வகை வந்தது. பூவைத்தான் பாதிக்கு மேல் கரையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.