புது லெப்டொப்பில் சத்தம் வரவில்லையா? கொழும்பு பஸ் ஏறுமுன்

"மாமா, ஸ்பீக்கர் செத்துப்போச்சு. கடையில திருப்பிக் குடுக்கணும்." லெப்டொப் வாங்கிய மூன்றாம் நாளே ஹட்டனிலிருந்து அக்கா மகன் போன் எடுத்தான். ஸ்பீக்கர் சாகவில்லை. முந்தின நாள் பக்கத்துக் காம்பராவில் சித்தியின் புளூடூத் ஸ்பீக்கரோடு இணைத்துப் பாட்டுக் கேட்டிருக்கிறான். இன்றைக்கும் லெப்டொப் தானாக அதையே பிடித்துக்கொண்டது. சுமார் பத்து மீட்டருக்கு எட்டுகிற புளூடூத்துக்கு லயத்துச் சுவர் ஒரு பொருட்டா?

புது லெப்டொப்பில் சத்தம் வேறெங்கோ போய்க்கொண்டிருப்பதுதான் அதிகம். விண்டோஸ் 11 என்றால் கீழே வலப்பக்கம் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, சத்தக் கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள குறியைத் தொடுங்கள். எதெதற்குப் போகலாம் என்று பட்டியல் வரும். எச்டிஎம்ஐ வயரில் டீவி மாட்டியிருந்தால் சத்தத்தையும் டீவியே எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது, ஷட் டவுன் செய்து திரும்பப் போட்டுப் பார்ப்பது. அதில் பெரும்பாலும் பலனில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இயங்கினால், விண்டோஸ் உள்நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து, மறுபடி அப்படியே எழும்பும். சிக்கலும் கூடவே எழும்பும். ரீஸ்டார்ட் கொடுங்கள்.

எனக்குக் கோபம் வருவது டிரைவர், அதாவது ஸ்பீக்கரை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள் விஷயத்தில். "இலவச டிரைவர் அப்டேட்டர்" என்று கண்டதையும் இறக்கி டேட்டாவைக் கரைக்காதீர்கள். அடிப்பக்கத்தில் இருக்கும் மாடல் எண்ணைப் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலேயே எடுங்கள். பழையதை அழிக்குமுன் புதியது கைக்கு வந்துவிட வேண்டும். மழை நேரத்தில் நம்ம பக்கம் சிக்னலை நம்ப முடியாதே.

சூம் வகுப்பில் புளூடூத் ஹெட்செட் பழைய டெலிபோன் மாதிரிக் கரகரக்கிறதா? அது பழுதில்லை. ஹெட்செட்டின் மைக்கும் சேர்ந்து வேலை செய்யும்போது சத்தத்தின் தரத்தைப் புளூடூத் குறைத்துவிடும். சூமில் மைக்காக லெப்டொப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பனியில் நனைந்தது என்று அடுப்படியில் காயவைப்பதும், திருகாணியைக் கழற்றிப் பார்ப்பதும் வேண்டவே வேண்டாம். பிறகு வாரண்டி பற்றிப் பேச வாயிருக்காது.

கடைசியாக, வயர் இயர்போன் ஒன்றைக் குத்திப் பாருங்கள். அதிலும் சத்தமில்லை என்றால் டிரைவரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இயர்போனில் நன்றாகக் கேட்டு, இவ்வளவும் செய்தபின்னும் ஸ்பீக்கர் வாய் திறக்கவில்லையா? பில்லையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸைப் பிடியுங்கள்.